படியில் ஒரு நவராத்திரி, பள்ளியில் ஒரு நவராத்திரி

மகாளய அமாவாசை நெருங்கும்போதே மதுரை மேலவெளிவீதி பூம்புகாரில் கொலு பொம்மைகள் வந்து இறங்கிவிடும். கைக்குழந்தையும் எல்கேஜி பிள்ளையுமாக இருக்கும் வீட்டுக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் மூச்சுவிட நேரம் தராத மாதங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்தால் கொலு, கொலுவை எடுத்து வைத்தால் தீபாவளித் துணிக்கு விளக்குத்தூண் பக்கம் அலைச்சல், அது ஓய்ந்தால் கந்த சஷ்டி, இதற்கு நடுவே மழைச் சளியும் காய்ச்சலும். இலங்கைத் தமிழ் வீடுகளுக்கும் இதே மாதங்கள்தான், இதே பண்டிகைகள்தான். ஆனால் நவராத்திரியை மட்டும் இரு ஊர்களும் வேறு வேறு இடத்தில் வைத்துக் கொண்டாடுகின்றன. மதுரையில் அது வீட்டுக் கூடத்தில் நடக்கிறது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில். இதனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன என்பதுதான் இரண்டு பிள்ளைகளின் தாயான எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் காரணம் நாட்காட்டி. தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதையடுத்து விடுமுறை. பல ஆண்டுகளில் நவராத்திரியின் சில நாட்கள் அந்த விடுமுறையோடு ஒட்டிக்கொள்ளும். ஆயுத பூஜையும் விஜயதசமியும் அரசு விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், ஆகவே பண்டிகையும் வீட்டில். இலங்கையில் பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். நவராத்திரி வரும்போது மூன்றாம் தவணை நடந்துகொண்டிருக்கும். தீபாவளிக்கு அங்கே பொது விடுமுறை உண்டு, நவராத்திரிக்குக் கிடையாது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே சரஸ்வதியும் போய்விட்டாள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளுக்கு நிகராகச் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று உழைத்தவர் அவர். பாலபாடங்களும் எழுதினார். கோயிலில் கற்க வேண்டியதைப் பள்ளியில் கற்பிக்கும் வழக்கம் அங்கே வேர்விட்டது அப்படித்தான். இன்றும் இலங்கையில் சமயம் ஒரு பள்ளிப் பாடம், அதற்கு அரசே பாடநூல் அச்சிட்டுத் தருகிறது. நவராத்திரியின் ஒவ்வொரு நாள் பூசையையும் ஒவ்வொரு வகுப்பு பொறுப்பெடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். அன்றைக்கு அந்த வகுப்புப் பிள்ளைகள் பூக் கொண்டுவர வேண்டும், மாவிலை கட்ட வேண்டும், அவலும் கடலையும் பங்கிட வேண்டும், பாட வேண்டும், பேச வேண்டும். நிறைவாகச் சரஸ்வதிக்கு வாணி விழா.

இனி எங்கள் ஊர். மதுரையில் எல்லா வீட்டிலும் கொலு வைப்பதில்லை. சௌராஷ்டிரர், பிராமணர், பிள்ளைமார் வீடுகள் சிலவற்றில் தலைமுறை வழக்கமாக இருக்கிறது. மற்றவர்களில் ஆசைப்பட்டுத் தொடங்கியவர்களும் உண்டு, நாங்கள் அப்படித்தான். ஆனால் கொலு பார்க்காத பிள்ளை மதுரையில் இருக்க முடியாது, மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறதே! கொலு மண்டபத்தில் திருவிளையாடல் காட்சிகளைப் பொம்மைகளாக அடுக்கியிருப்பார்கள். அம்மனே ராஜராஜேஸ்வரியாக, ஊஞ்சலில் ஆடுபவளாக, மகிஷாசுரமர்த்தினியாக, சிவபூஜை செய்பவளாக நாளுக்கு ஓர் அலங்காரத்தில் அமர்ந்திருப்பாள். தோளில் உட்கார்ந்து பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யானை கரும்பு தின்றதும் பிட்டுக்கு மண் சுமந்ததும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண் வழியாக உள்ளே போய்விடும்.

வீட்டுக் கொலுவில் என் பிள்ளைகளுக்குத் தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் ஒரு பொருட்டே இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும், அவர்கள் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணத்தில் பரப்பிய அரிசி பருப்பும்தான் உலகம். பக்கத்தில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவி வைத்தால் மூன்றாம் நாளே பச்சை தலைகாட்டும். "தொடாதே" என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிவிட்டு, அதைப் பண்டிகை என்று பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? மரப்பாச்சிப் பொம்மை ஒரு காலத்தில் குழந்தை வாயில் வைத்துக் கடிப்பதற்கும் விளையாடுவதற்கும் இருந்த பொருள். அதையும் பட்டுத் துண்டு கட்டி மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டோம்.

இதற்கு மருந்து விளாச்சேரியில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கின்றன. அச்சின் இரண்டு பாதிகளிலும் களிமண்ணை விரலால் அழுத்தி, ஒன்றோடொன்று பொருத்தி, பிதுங்கிய மண்ணை வழித்தெடுக்கிறார்கள். முதலில் நிழலில் காய வேண்டும், அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பிறகு சூளை, அதன் பிறகு வெள்ளைப் பூச்சு, வண்ணம். காகிதக்கூழ்ப் பொம்மைகளும் உண்டு. அவை எடை குறைவு, பிள்ளை கையில் கொடுக்கலாம். அங்கே போன அன்று ஒரு பாட்டி என் மகன் கையில் ஓர் உருண்டை மண்ணைக் கொடுத்து, "பிசைஞ்சு பாருய்யா" என்றார். அவன் செய்த கோணல் பிள்ளையார் எங்கள் வீட்டுக் கீழ்ப்படியில் இன்றும் இருக்கிறார், கடையில் வாங்கிய எந்தப் பொம்மையையும்விட அதிகம் தூக்கிக் கொஞ்சப்படுகிறார். இதே கைகள்தான் விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரும் டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கின்றன.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் கொலுப்படி கிடையாது. கொழும்பில் சில வீடுகளிலும் கோயில்களிலும் கொலு உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கம் கும்பம்தான். ஒரு செம்பு, நீர், மாவிலை, தேங்காய், முன்னால் படம், குத்துவிளக்கு. சில வீடுகளில் கும்பத்தைச் சுற்றி நவதானியம் முளைக்க வைப்பார்கள். இதன் எளிமையை நான் உணர்ந்தது மதுரையில்தான். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரை மாவட்டத்தில் மூன்று இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில் வளர்ந்தவர் என் மகனோடு படிக்கும் சிறுமியின் தாய். ஒரு சரஸ்வதி பூஜையன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏழு படி வைக்க அங்கே எங்கே இடம்? சுவரோரம் ஒரு ஸ்டூலில் கும்பம், அதன் முன் பேத்தியின் புத்தகங்கள். அந்த வீட்டு அம்மம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, மகனுக்கு ஏடு தொடக்கியாச்சோ?"

"எல்கேஜி சேர்த்துட்டோம்மா."

"அது பள்ளிக்கூடம். நான் கேட்டது ஏடு."

பிறகு பேத்தியைக் கூப்பிட்டார். சிறுமி கைகூப்பி நின்று சகலகலாவல்லி மாலையில் நான்கு பாட்டை நிறுத்தாமல் பாடினாள். சில சொற்கள் மழலையில் உருண்டன. நாவு தடுக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காரணம் பாட்டு மட்டும் இல்லை, அதைப் பாடிய புலவர்.

சகலகலாவல்லி மாலையைப் பாடியவர் 17ஆம் நூற்றாண்டின் குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதுவரை பேச்சு வராமல் இருந்து, பெற்றோர் திருச்செந்தூரில் கொண்டுபோய்க் கிடத்த, முருகன் அருளால் வாய் திறந்தார் என்பது அவர் வரலாறு. பேச்சு தாமதமாகும் பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படும் தாய்மாருக்கு இந்தக் கதையின் கனம் தெரியும். அவர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியது இதே மதுரையில், திருமலை நாயக்கர் முன்னிலையில். மீனாட்சியைத் தாலாட்டி, சப்பாணி கொட்டவைத்து, முத்தம் கேட்டு, அம்புலியை அழைத்து, ஊஞ்சலில் ஆட்டிப் பாடிய நூல் அது. அம்மனே சிறுமியாக வந்து முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள் என்று மதுரை சொல்லிக்கொள்கிறது. பின்னாளில் காசியில் இந்துஸ்தானி பேசும் ஆற்றல் வேண்டிச் சரஸ்வதியைப் பாடிய பத்துப் பாட்டுத்தான் சகலகலாவல்லி மாலை. அந்தப் பத்தையும் இலங்கைச் சைவப் பிள்ளைகள் பள்ளிப் பூசையில் ஆண்டுதோறும் பாடிப் பாடியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முத்துமாலை போட்ட ஊரில், அந்தச் சிறுமியைத் தவிர, எனக்குத் தெரிந்த எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. என் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மம்மா கேட்ட ஏட்டுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் விஜயதசமியன்று, சிலர் தைப்பூசத்தன்று, ஏடு தொடக்குவார்கள். ஐயரோ ஆசிரியரோ பிள்ளையை மடியில் இருத்தி, எழுத்துகள் எழுதிய பனையோலை ஏட்டைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லும். பிறகு தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பார்கள். பாதிப் பிள்ளைகள் அழும், பாதி அரிசியை அள்ளும். பள்ளி தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கும், சில பிள்ளைகளுக்கு வருடங்களே இருக்கும். அவசரமில்லாத தொடக்கம் அது. தமிழ்நாட்டிலும் அரிசியிலோ நெல்லிலோ எழுதவைப்பது உண்டு, கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று கூட்டம் அலைமோதும். ஆனால் நகரத்தில் விஜயதசமி என்றால் பள்ளிச் சேர்க்கை நாள் என்று ஆகிவிட்டது. தனியார் பள்ளிகள் வாசலில் பதாகை கட்டுகின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளும் அன்று திறந்து பிள்ளைகளைச் சேர்த்திருக்கின்றன. அரசுப் பள்ளி திறந்திருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். இருந்தாலும் படிவமும் கட்டணமும் கலந்துவிட்ட இடத்தில் மடி காணாமல் போகிறது.

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் கதை வேறு. மேலூர்ப் பக்கம் வெள்ளலூரில் புரட்டாசியில் ஏழைகாத்த அம்மன் திருவிழா. ஏழு சிறுமிகளை அம்மனாகவே தேர்ந்தெடுத்து வணங்குகிறார்கள். ஆண்கள் உடம்பில் வைக்கோல் பிரி சுற்றி வருவார்கள், பெண்கள் கலயமும் மண்பொம்மையும் சுமப்பார்கள். நகரத்துக் கொலுவில் பொம்மை சாமி என்றால், இங்கே சாமி நடந்து வருகிறது. விஜயதசமியன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் அம்பு போடுவதும் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மானம்பூ என்று வாழையை வெட்டுவதும் அம்மன் மகிஷாசுரனை அழித்த அதே கதைதான். பிள்ளைகளுக்கு வாழை வெட்டுத்தான் அதிகம் பிடிக்கும், ஒரே வீச்சில் சாய்ந்துவிடுமே.

எது சிறந்தது என்று கேட்டால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: சின்னப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வழிதான் சிறந்தது. அங்கே பிள்ளைக்கு வேலை இருக்கிறது. மதுரையில் பிள்ளை பார்வையாளர். ஆனால் கையால் தொட்டுச் செய்ய எங்களிடம் விளாச்சேரி இருக்கிறது. பள்ளிப் பூசையில் எல்லாப் பிள்ளையும் ஒரே குரலில் பாடும்போது, கூச்சப்படும் பிள்ளை பின் வரிசையில் உதடு மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும் என்பதையும் மறைக்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு பிடி களிமண் பெரிய ஆறுதல்.

இலங்கையிலிருந்து மீனாட்சியைத் தரிசிக்க வரும் குடும்பங்கள் விளாச்சேரிக்கும் ஒரு நடை போய், கும்பத்தின் பக்கத்தில் வைக்க ஒரு செட்டியார் பொம்மை வாங்கிப் போகலாம். மதுரைக்காரர்கள் கீழ்ப்படி ஒன்றைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள், உடைந்தால் உடையட்டும். சரஸ்வதி பூஜையன்று பொரிகடலையும் சுண்டலும் கொடுப்பதற்கு முன்னால் சகலகலாவல்லி மாலையில் ஒரு பாட்டைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாடுங்கள். ஆண்டுக்கு ஒரு பாட்டு போதும்.