ஷார்த்ர் நீலம்

பாரிஸிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேர ரயில் பயணம். போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு மேலே முதலில் தெரிவது ஊரல்ல, பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள். இரண்டும் ஒரு சாயலில் இல்லை. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டினுடையது. அலங்காரம் அதிகமில்லாத கூம்பு, 105 மீட்டர். வடக்குக் கோபுரத்தின் மரக் கூம்பு 1506இல் இடி விழுந்து எரிந்தபின், அதன் இடத்தில் ழான் த போஸ் என்ற சிற்பி கல்லில் பூவேலை செய்து எழுப்பினார், 113 மீட்டர். உயரம் கூடியது வடக்கு. அழகு கூடியது தெற்கு என்பது என் தீர்ப்பு.

ஆனால் ஷார்த்ருக்குப் போவது கோபுரத்துக்காக அல்ல, கண்ணாடிக்காக.

1194 ஜூன் 10 அன்று மூண்ட தீயில் பழைய பேராலயம் அழிந்தது. மேற்கு முகப்பும் அதிலிருந்த மூன்று சாளரங்களும் தப்பின. மரியன்னை அணிந்ததாக மக்கள் போற்றிய துணியும் நிலவறையில் பத்திரமாக இருந்தது என்று தெரிந்ததும் ஊருக்கு உயிர் வந்தது. கட்டடத்தின் பெரும்பகுதி முப்பது ஆண்டுகளுக்குள் எழுந்துவிட்டது. இத்தனை பெரிய ஆலயத்துக்கு அது மிகக் குறுகிய காலம். உள்ளே நிற்கும்போது எல்லாம் ஒரே மூச்சில் செய்ததுபோலத் தோன்றுவது அதனால்தான். 170க்கும் மேற்பட்ட சாளரங்கள், ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் கண்ணாடி. அதில் பெரும்பகுதி 12, 13ஆம் நூற்றாண்டுகளின் அசல்.

அந்தக் கண்ணாடியின் மேல் நிறத்தைப் பூசவில்லை. மணலும் சாம்பலும் உலையில் உருகும்போதே உலோகத்தைக் கலந்தார்கள். கோபால்ட் நீலம் தரும். செம்பு சிவப்பு தரும். சிவப்பு பிடிவாதமான நிறம். கண்ணாடி முழுவதும் சிவப்பாக இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் நிறமற்ற கண்ணாடிக்குள் மெல்லிய ஏடுகளாக அதை இழைத்தார்கள். முகமும் விரலும் ஆடை மடிப்பும் மட்டும் தூரிகை வேலை. அரைத்த கண்ணாடியும் உலோகத் தூளும் சேர்ந்த கரும்பூச்சில் எழுதி, மறுபடி சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்தார்கள். உள்ளே குமிழி, அலை, ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. இன்றைய தொழிற்சாலைக் கண்ணாடியில் இவை குறைகள். இங்கே அந்த மேடுபள்ளத்தில் தடுக்கித்தான் ஒளி மினுங்குகிறது.

தெற்குப் பக்கத்தில், பலிபீடச் சுற்றில், ‘அழகிய சாளரத்து அன்னை’ என்று பெயர் பெற்ற சாளரம் இருக்கிறது. சிவப்புப் பின்னணியில் வெளிர்நீல ஆடையில் அன்னை. 1180ஐ ஒட்டிய வேலை, தீக்கு முந்தியது. சுற்றியுள்ள தேவதூதர்களைப் பிறகு 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தார்கள். இரு காலத்து நீலங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். பிந்தியது ஆழ்ந்து இருண்ட நீலம். முந்தியது உள்ளே விளக்கெரிவது போன்றது. அந்தப் பழைய நீலம் சோடா கலந்த கண்ணாடி; மற்ற நிறங்களோ மரச் சாம்பலில் செய்தவை. மழையும் பாசியும் மற்றவற்றை அரித்தபோதும் நீலம் தெளிவு குறையாமல் நின்றது.

கீழ்வரிசைச் சாளரங்களைக் குனிந்தும் பாருங்கள். நோவாவின் கதைக்கு அடியில் மரத்தச்சர்கள் வேலை செய்கிறார்கள். பாதம் கழுவிய மதலேனாளின் கதைக்கு அடியில் தண்ணீர் சுமப்பவர்கள். நல்ல சமாரியனுக்கு அடியில் செருப்புத் தைப்பவர்கள். இவர்களே உபயதாரர்கள் என்பது மரபு. பணம் உண்மையில் யாருடையது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யார் கொடுத்திருந்தாலும், கண் எட்டும் உயரத்தில் உழைப்பவர்களின் கை இருக்கிறது. அரச குடும்பத்தின் அல்லிமலர்ச் சின்னத்தை வடக்கு ரோஜாச் சாளரத்தில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

1939இல் உலகப் போரையொட்டி இவ்வளவு கண்ணாடியையும் பலகை பலகையாகக் கழற்றி ஊரை விட்டுக் கொண்டுபோனார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் எதிரி ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்த அமெரிக்கப் படை, பேராலயத்தைச் சுட இருந்தது. வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல் உள்ளே போய், யாரும் இல்லை என்று உறுதி செய்து, அதைத் தடுத்தார். அன்றே அருகிலுள்ள லேவ் கிராமத்தில் சண்டையில் இறந்தார். நீலத்தின் முன் நிற்கும்போது அவரையும் நினைக்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் உட்சுவர்களின் கரியை நீக்கி, பழைய இளமஞ்சள் பூச்சை மீட்டிருக்கிறார்கள். கட்டியவர்கள் விரும்பியது அந்த வெளிச்சம்தான் என்ற வாதம் நியாயமானது. ஆனாலும் கறுத்த சுவர்களுக்கிடையே கண்ணாடி மட்டும் எரிந்த அந்த இருட்டை இழந்தது எனக்கு இழப்புதான்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். மேற்குச் சாளரங்களுக்கு மாலை வெயில் வேண்டும். காலையில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எர் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு, நான்கு மணிக்கு மறுபடி உள்ளே வாருங்கள்.