எளியவரும் எளிமையானவரும்: ‘வால்டன்’ தமிழாக்கத்தில் ஒரு பொருண்மைச் சிக்கல்

1. முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’ 1854இல் வெளிவந்தது. 1837இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற தோரோ ஆசிரியப் பணியிலும் தந்தையின் பென்சில் தொழிலிலும் ஈடுபட்டவர். எதிலும் உயர்நிலை தேட முனையாதவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரை அடுத்த வால்டன் குளக்கரையில், தாமே கட்டிய ஒற்றையறை வீட்டில், 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அவர் வாழ்ந்த வாழ்வே இந்நூலுக்கு அடிப்படை.

இந்நூலைத் தமிழாக்க முனைபவருக்கு மரம், பறவை, மீன் ஆகியவற்றின் பெயர்கள் தொல்லை தருவன. எனினும் அகராதியும் அடிக்குறிப்பும் அவற்றைத் தீர்த்துவைக்கும். அவற்றினும் பெரிய இடர் ‘எளிமை’ என்னும் பழகிய சொல்லில் உள்ளது. அவ்விடரை விளக்குவதும், அது மூலநூலைப் பற்றி உணர்த்தும் உண்மையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. ‘எளிமை’யின் மூன்று எதிர்ச்சொற்கள்

தோரோவின் நூலில் ‘சிம்ப்ளிசிட்டி’ என்னும் சொல் ஓர் அறைகூவலாகவே ஒலிக்கிறது. இதற்கு ‘எளிமை’ என்பதே உடனே தோன்றும் நிகரன். இச்சொல்லின் பொருட்புலத்தை அதன் எதிர்ச்சொற்களைக் கொண்டு வரையறுக்கலாம்.

முதலாவது, ‘எளியவர்’ என்பதற்கு எதிர் ‘வலியவர்’. ‘ஏழை எளியவர்’ என்னும் இணைச்சொல் வழக்கு இதன் பொருளை ஐயமறக் காட்டுகிறது. இங்கு எளிமை என்பது வலுவின்மை. இரண்டாவது, வைணவ உரைமரபில் எளிமை இறைவனின் குணம்; ‘சௌலப்பியம்’ என்பதற்கு நிகராக ஆளப்படுவது; ‘மேன்மை’ என்பதற்கு எதிராக வைக்கப்படுவது. உயர்ந்தவன் தானே இறங்கி வருதலை அது குறிக்கும். மூன்றாவது, இக்கால வழக்கில் ‘எளிமையானவர்’ என்பதற்கு எதிர் ‘ஆடம்பரமானவர்’. பின்வரும் தொடர்களை ஒப்பிடுக:

(அ) அமைச்சர் எளிமையானவர்.
(ஆ) கல்லுடைக்கும் தொழிலாளி எளிமையானவர்.

முதல் தொடரை அமைச்சரின் உடை, உணவு, வீடு ஆகியவற்றைப் பற்றியதாகக் கேட்பவர் கொள்வர். இரண்டாம் தொடரும் பிழையானதன்று. ஆயினும் அதனைத் தொழிலாளியின் பழகும் பண்பைப் பற்றியதாகக் கொள்வரேயன்றி, அவர் குடிசையில் வாழ்வதைப் பற்றியதாகக் கொள்ளார். இவ்வேறுபாடு ‘ஆன’ என்னும் பெயரடை ஈற்றில் இல்லை. அவ்வீறு இரு தொடர்களுக்கும் பொது. வாழ்முறையைக் குறிக்கும்போது ‘எளிமையானவர்’ என்னும் சொல், ‘வேறு வகையில் வாழ வசதியுள்ளவர்’ என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அம்முற்கோள் நிறைவேறாத இடத்தில் பொருள் வாழ்முறையிலிருந்து குணத்திற்கு நழுவுகிறது.

ஆகவே, தெரிந்தெடுத்த எளிமை வேறு, நேர்ந்துவிட்ட எளிமை வேறு என்பதைத் தமிழ் வழக்கு முன்னரே பகுத்து வைத்திருக்கிறது.

3. தெரிவைக் காட்டும் இலக்கணம்

தோரோ தாம் குளக்கரைக்குச் சென்ற காரணத்தைக் கூறுமிடத்தில் ‘டெலிபரேட்லி’ என்னும் வினையடையை ஆள்கிறார். எடைபார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புபடுத்தப்படும் இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரு பொருள் உண்டு: ஒன்று எண்ணித் துணிதல், மற்றொன்று விரையாமை. நூலின் கருத்து முழுவதும் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் கூடியிருப்பதைச் சார்ந்தது.

தமிழில் ‘வேண்டுமென்றே’ என்பது துணிவைக் காட்டும். ஆனால் பெரும்பாலும் குற்றச்சாட்டிலேயே வருவது. ‘தெரிந்தே’ என்பதற்கும் அதே நிலை. ‘சீர்தூக்கி’ என்பதில் எடைபார்த்தல் உண்டு, விரையாமை இல்லை. ‘நிதானமாக’ என்பதில் விரையாமை உண்டு, துணிவு மங்கிவிடுகிறது. ‘நிதானமாக வாழ’ என்று பெயர்த்தால் ஓய்வூதியம் பெறுபவரின் பகற்பொழுதே நினைவுக்கு வரும். ‘நிதானித்து வாழ’ என்பதே இவற்றுள் ஏற்புடையது. வினையெச்சமாக அமைவதால் அளந்தறியும் செயலையும் அச்செயலைச் செய்பவரையும் அது தக்கவைத்துக்கொள்கிறது. பெயரோடு ‘ஆக’ சேர்ந்த வடிவம் முறையை மட்டுமே தரும்.

இதே நெறி ‘எளிமை’க்கும் பொருந்தும். ‘எளிமையை மேற்கொண்டார்’ என்பது நோன்பு, துறவு ஆகியவற்றிற்குரிய தொடர். தோரோ துறவியல்லர், ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் சென்று செய்தி கேட்டவர், இரண்டாண்டுகளுக்குப்பின் குளக்கரையை விட்டு மீண்டவர். ‘காட்டு வாழ்வு’ என்னும் நூலின் துணைத்தலைப்பையும் நீக்கிவிடுமாறு 1862இல் பதிப்பகத்தாருக்கு எழுதியவர். இத்துணைத்தலைப்பை ‘வனவாசம்’ எனப் பெயர்ப்பின் நாடிழந்த இராமனின் நிழல் அதன்மீது படியும். ‘எளிமையைத் தேர்ந்துகொண்டார்’ என்பதே தக்கது. ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவரையே சேர்வதை உணர்த்துகிறது.

4. ஜான் ஃபீல்டின் குடிசை

‘பேக்கர் பண்ணை’ என்னும் இயலில்தான் இச்சிக்கல் கூர்மையடைகிறது. மழைக்கு ஒதுங்கும் தோரோ, மனைவி மக்களோடு குடிசையில் வாழும் ஜான் ஃபீல்டு என்னும் அயர்லாந்துத் தொழிலாளியைக் காண்கிறார். அவர் ஏக்கருக்கு 10 டாலர் கூலிக்குச் சதுப்பு நிலத்தைக் கொத்துபவர். தேநீர், காப்பி, வெண்ணெய், பால், மாட்டிறைச்சி ஆகியவற்றை விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்க வேண்டியதில்லை என்று தோரோ அவருக்கு அறிவுரை கூறுகிறார்.

இக்கணக்கில் உண்மையில்லாமலில்லை. தோரோவின் வீட்டுச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அவரை வயலில் கிடைத்த ஆதாயம் 8 டாலர் 71½ சென்ட். ஆண்டில் ஆறு வார உழைப்பே தம் பிழைப்புக்குப் போதுமானது என்பது அவர் கண்டது. ஒரு பொருளுக்கு நாம் தரும் விலை நம் வாழ்நாளின் ஒரு பகுதியே என்னும் அவரது கருத்து இன்றும் வலுவிழக்கவில்லை. ஆயினும் அவர் வீடு கட்டிய நிலம் நண்பர் எமர்சனுடையது. அவரைச் சார்ந்து குழந்தைகள் இல்லை. திரும்பிச் செல்லக் குடும்பமும் தொழிலும் இருந்தன. ஃபீல்டுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

ஆங்கிலத்தில் இவ்விடைவெளி உறுத்துவதில்லை. தமிழிலோ, எளியவரை நோக்கி எளிமையாக வாழச் சொல்லும் தொடர் எழுந்தவுடனேயே செவியில் இடறுகிறது. அவ்விடறலைத் தவிர்க்க மொழிபெயர்ப்பாளர் ‘சிக்கனம்’ என்று மாற்றிவிடக்கூடும். அது நடையைச் சீராக்கும். கூடவே, மூலநூலின் குறையொன்றை மறைக்கவும் துணைபோகும். இவ்வியலில் ‘எளிமை’ என்னும் சொல்லையே வைத்து, இடறலை வாசகருக்கு விட்டுவிடுவதே நேர்மை.

5. முடிவுரை

மொழிபெயர்ப்பு மூலத்தின் பொருளைக் கொண்டுசேர்ப்பதோடு சில வேளைகளில் அதனைச் சோதிக்கவும் செய்கிறது. தேர்ந்துகொண்ட எளிமையையும் நேர்ந்துவிட்ட எளிமையையும் ஒரே சொல்லால் பெயர்த்து வேறுபாட்டை அழித்துவிட்டால், தோரோவின் நூல் வறியோர்க்குக் கூறும் ஆறுதலாகச் சுருங்கிவிடும். வேறுபாட்டை வினையமைப்பால் காத்து நின்றால், வாய்ப்பிருந்தும் அதன்பின் ஓடாதவரின் துணிவு துணிவாகவே தெரியும்; அத்துணிவுக்கு இடமே கிட்டாதவரின் நிலையும் அதன் அருகிலேயே தெரியும். ஜான் ஃபீல்டைத் தம் நூலில் இடம்பெறச் செய்த தோரோவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய நீதி இதுவே.