பதிவேட்டில் என் பெயர்

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! புன்னைக்காயல் பங்கு அலுவலகம், மத்தியான நேரம், ஜன்னல் வழியாக வருகிற உப்புக்காற்றில் படபடக்கிற பழுப்புத்தாளை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். 1896. என் தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டனின் பெயர்! இதுவே போதும் என்று நினைக்கும்போதுதான் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் என் பெயர். என் பெயர் ஐயா, என் பெயர்! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்ட பெயர், ஆதார் அட்டையில் இருக்கிற பெயர், இலத்தீன் வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு, மை மங்கி, நூற்றுச் சொச்சம் வருஷமாக எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. தொண்டை அடைத்துவிட்டது. பங்குத்தந்தை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். வெட்கமே இல்லாமல் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

எங்கள் பக்கம் தலைமகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். பேரைச் சுமப்பவன்தானே பேரன்! எனக்குத் தாத்தா பெயர், தாத்தாவுக்கு அவருடைய தாத்தா பெயர். ஓட்டன், தாத்தா, நான் என்று ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாவித் தாவி வந்திருக்கிறது. இது வழக்கம் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் மையில் பார்ப்பது வேறு, ஐயா, அது முற்றிலும் வேறு!

எல்லாம் ஆச்சியின் டிரங்குப்பெட்டியில் ஆரம்பித்தது. அடியில் ஒரு கட்டு நினைவு அட்டைகள். இறந்தவர்களுக்கு முதலாம் ஆண்டு திருப்பலியில் கொடுப்பார்களே, முன்பக்கம் மாதா படம், பின்பக்கம் பிறந்த தேதி, இறந்த தேதி, "துயருறும்" என்று போட்டு மக்கள், மருமக்கள் பெயர்கள், அவைதான். நாம் பைபிளுக்குள் செருகிவிட்டு மறந்துபோகிற அந்தச் சின்ன அட்டை ஒவ்வொன்றும் ஒரு கிளை! பதினேழு அட்டை இருந்தது. தரையில் பரப்பி வைத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன் விடிந்த பிறகுதான் எழுந்தேன். டி.என்.ஏ. சோதனைக்கும் சந்தா கட்டுகிற இணையதளங்களுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். எனக்கு நோட்டும் பென்சிலும் பஸ் காசும் போதுமாயிருந்தது.

பஸ் பயணத்தையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம் கண்ணைக் கூச வைக்கும், ஆத்தூர் வந்தால் வெற்றிலைக் கொடிக்காலின் பச்சை, அங்கேயிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால், தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் எங்கள் புன்னைக்காயல். ஆத்தூரில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம். ஊரில் மூத்த மாமி ஒருத்தர் திண்ணையில் இருப்பார், வெற்றிலையை நீட்டினால் கதை தானாக வரும். "நீ யார் மவன்ய்யா? தண்டல் வீட்டுப் பேரனா?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். என் ஆட்கள் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர்கள் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. ஒரு கவுளி வெற்றிலையில் கிடைத்தது!

வம்சாவளி என்றால் அரச குலத்துக்கும் ஜமீனுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் யாத்திரை வருகிற குடும்பங்களின் தலைமுறைகளைப் பேரேட்டில் எழுதி வைக்கிறார்கள் என்று படித்தபோது பொறாமையாகக்கூட இருந்தது. நமக்கும் பேரேடு இருக்கிறதே! 1563இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் மெய்விவாகப் பதிவேடு வைக்கச் சொன்னது. பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது 1530களின் நடுவில், சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். வேதம் போதிக்க வந்த அன்றிக்கே அடிகளார் தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, உழைத்தது இதே புன்னைக்காயலில். 1586இல் வந்த அவருடைய 'அடியார் வரலாறு' இந்த ஊரில்தான் அச்சேறியது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட எழுத்து மண் இது! முத்துக்குளித்தவனும் சங்கு குளித்தவனும் அவனை வேலைக்கு வைத்த சம்மாட்டியும் அதே பதிவேட்டில் அதே மையில் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள். வரி விட்டு வரி மாறினால் ஏழை, பணக்காரன் வித்தியாசமே தெரியாது. அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

பொறுங்கள், இன்னும் பெரிய சந்தோஷம் இருக்கிறது. பூட்டனின் வரிக்கு இடது ஓரத்தில் வேறு கையெழுத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு குறிப்பு. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன்: 1919, மெய்விவாகம், கொழும்பு! ஏன் ஓரத்தில்? 1908இலிருந்து திருச்சபையில் ஒரு சட்டம். நீங்கள் எந்த ஊரில் கல்யாணம் பண்ணினாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் வாங்கிய பங்குக்கு எழுதி அனுப்பி ஓரத்தில் குறிக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தாலி கட்டுகிறார், அந்தச் செய்தி கடலைத் தாண்டி வந்து இந்தக் கிராமத்துத் தாளில் உட்காருகிறது, நூறு வருஷம் கழித்துக் கொள்ளுப்பேரன் வந்து வாசிக்கிறான்! மெய்விவாகப் பதிவேடு இன்னும் தங்கம். மாமன் மகளைக் கட்டினால் திருச்சபையில் உறவுமுறை விலக்கு வாங்க வேண்டும், அது எத்தனையாவது முறை உறவு என்பதோடு எழுதப்பட்டிருக்கும். அந்த ஒற்றை வரி பெண்வழியைத் திறந்துவிடும்.

குறை இல்லையா? பெர்னாண்டோ ஒரு பக்கத்தில் பர்னாந்து, அடுத்த பக்கத்தில் பர்னாண்டு. வேறொரு ஊரில் நான் தேடிய பத்து வருஷத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. போகட்டும், அதற்கும் வழி இருக்கிறது: நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாகக் கல்லறையைப் பூவால் மூடி மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கல்லறையருகே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், உறவு தெரிந்துவிடும். நான் மெழுகு வாசத்துக்கு நடுவே நோட்டோடு நடந்து, அதுவரை முகம் தெரியாத இரண்டு சித்தப்பாக்களைக் கண்டுபிடித்தேன். ஒருவர் மூக்கு அப்படியே என் அப்பா மூக்கு!

பஸ், வெற்றிலை, நோட்டு, ஜெராக்ஸ், பங்கு உண்டியலுக்கு என்னால் முடிந்தது, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. ஆறு தலைமுறை கையில் இருக்கிறது.

போகிறவர்கள் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு, தோராயமான வருஷத்தைச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் தொடுங்கள். தோணியில் கொழும்புக்குப் போன புன்னைக்காயல் தண்டல் வீட்டு வாரிசு யாராவது இதைப் படித்தால், வருகிற நவம்பர் 2 சாயங்காலம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டு நினைவு அட்டைகளையும் எடுத்து வாருங்கள். நான் நோட்டோடு அங்கேதான் இருப்பேன்.