நற்சாட்சிப் பத்திரம் போதுமா?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முனைவோர் ஆங்கிலேயரின் வேட்டை நூல்களையும் படிக்கத்தான் வேண்டும். எப்படிப் படிப்பது என்பதில்தான் எனக்கொரு பேச்சு இருக்கிறது.

சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டை நூல் 1854இல் வெளிவந்தது. துவக்கு, குண்டு, விழுந்த யானைகள் எல்லாவற்றுக்கும் அதில் கணக்குண்டு. தடம் பார்த்துக் கூட்டிப்போன சோனகர் பெரும்பாலும் இனப்பெயராலேயே வந்து போகிறார்கள். 1859இல் எமர்சன் டெனன்ட் எழுதிய நூல் நம்மைச் சற்று நின்று பார்க்கிறது. யானை பிடிப்பதில் சோனக ஊர்ப் பணிக்கர்களைக் கைதேர்ந்தவர்கள் என்கிறார். மான்தோல் அல்லது எருமைத்தோல் கயிறுதான் அவர்களின் ஆயுதம். ஒருவர் போக்குக் காட்ட, மற்றவர் பின்னங்காலில் சுருக்குப் போடுவார்.

நம்மில் பலர் இந்த இடத்தோடு நூலை மூடிவிடுகிறோம். 'வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்' எண்டு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தால் ஆராய்ச்சி முடிந்தது. யானைத் தலைக்குச் சில சிலிங் அரசு வெகுமதி இருந்த காலத்தில், 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் யானைகள் கொல்லப்பட்டதையும் டெனன்ட்தான் சொல்கிறார். அந்தச் சிலிங்கில் நம்மவருக்கும் பங்கிருந்ததா என்று கேட்பதும் வரலாறுதான்.

ஒலுவிலில் எங்கள் மூத்தம்மா சொன்ன காட்டுக் கதைகளில் வருஷம் கிடையாது. ஆனால் போனவர் எந்தக் குடி, ஆருடைய மகன், அவர் திரும்பாத போகத்தில் வயலை ஆர் பார்த்தது என்பதெல்லாம் உண்டு. சேனை எங்கே, மாட்டுப்பட்டி எங்கே, குளம் எங்கே என்பதும் உண்டு. வேட்டைக்காரன் வெறுங்காடாய்க் கண்ட நிலம் அவருக்குப் பிழைப்பு நிலம். கதையில் யானை சொல்லச்சொல்லப் பெருக்கும் என்பதும் மெய்தான். அதனால் அதையும் அப்படியே நம்பிவிட முடியாது.

தீகவாபிப் பக்கக் காணிகளுக்காக 'எப்போதிருந்து இங்கே?' என்று நம்மிடம் கேட்கப்படும் காலம் இது. அதற்கு வீரப் புகழ்ச்சி மறுமொழியாகாது. நூல் தரும் வருஷத்தையும் வழியையும், வீடு தரும் பெயரையும் குடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தாத இடங்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். நூல்கள் நூலகத்தில் கிடக்கும், ஓடிப்போகா. மூத்தம்மாமார் அப்படி இல்லை. முதலில் அவர்களிடம் போய்க் கேட்போம்.