பாண்டிய அரசுரிமைப் போர்: சூளவம்சமும் சோழர் சாசனங்களும்

12ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில் மதுரை அரியணை குறித்துப் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் இடையே எழுந்த பிணக்கு, பொலன்னறுவை அரசையும் சோழப் பேரரசையும் தன்னுள் ஈர்த்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த பெரும் போராக வளர்ந்தது. அதன் முக்கியத்துவத்தைத் தென்னிந்திய வரலாற்றாசிரியரும் இலங்கை வரலாற்றாசிரியரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயினும் அப்போர் பற்றி நாம் அறிந்தவை எத்தகைய எழுத்துக்கள் வாயிலாக நம்மை வந்தடைந்தன, அவ்வெழுத்துக்கள் எத்தேவைக்காக ஆக்கப்பட்டன என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களை எழுப்பாது அவ்வெழுத்துக்களின் கூற்றை மட்டும் எடுத்தாள்வதன் விளைவாகவே, இப்போர் நம் காலத்து மேடைகளிலும் வெகுசன நூல்களிலும் 'சிங்களர்–தமிழர் போர்' என்னும் எளிய வாய்பாட்டுள் அடங்கிவிடுகிறது.

முதலிற் சூளவம்சத்தை நோக்குவோம். அதன் 76ஆம் 77ஆம் அதிகாரங்கள் இப்போரை விரித்துரைக்கின்றன. குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டபோது பராக்கிரம பாண்டியன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153–1186) உதவி கோரினான். தண்டநாயகன் இலங்காபுரன் படையுடன் மாதோட்டத்தை அடைந்த வேளையில் மதுரை வீழ்ந்து, பாண்டியன் மனைவி மக்களுடன் கொலையுண்டான் என்ற செய்தி வந்தது. உதவி வேண்டியவனே இறந்துவிட்டான். எனினும் படை திரும்பவில்லை. அரியணையைப் பராக்கிரமனின் வழித்தோன்றல் ஒருவனுக்குப் பெற்றுக்கொடுக்குமாறு அரசன் ஆணையிட்டான் என்கிறது நூல். இராமேசுவரம் கைப்பற்றப்பட்டது; குந்துகாலில் பராக்கிரமபுரம் என்னும் அரண் எழுந்தது; மலைநாட்டில் ஒளிந்திருந்த வீரபாண்டியன் அழைத்துவரப்பட்டு முடிசூட்டப்பட்டான். சிறைப்பிடிக்கப்பட்ட தமிழர் இலங்கைக்கு அனுப்பப்பட்டு அநுராதபுரத்து இரத்தினவாலுகச் சேதியத்தைப் புதுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். வெற்றியின் நினைவாகப் பாண்டுவிசய என்னும் ஊர் அமைந்தது. இந்நிலையிற் கதை நின்றுவிடுகிறது. இலங்காபுரன் பின்னர் என்ன ஆனான் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவன் என்ன ஆனான் என்பதைச் சோழநாட்டிலுள்ள பல்லவராயன்பேட்டைச் சாசனம் கூறுகிறது. இரண்டாம் இராசாதிராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக்குரிய அச்சாசனத்தின்படி, திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி என்னும் பல்லவராயர் சோழப் படைக்குத் தலைமை தாங்கி ஈழப்படையை முறியடித்தார். இலங்காபுரன், செகவிசயன் ஆகிய தண்டநாயகர்களின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியறைந்து பதிக்கப்பட்டன. குலசேகரனுக்கு மதுரை மீண்டது.

நீலகண்ட சாஸ்திரியார் தமது சோழர் வரலாற்றில் இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்கி, ஒன்றன் மௌனத்தை மற்றதன் பேச்சால் நிரப்பிக் கோவையானதொரு நிகழ்ச்சி வரிசையை அமைத்துத் தந்தார். அவருக்குப் பின் எழுதியோர் பெரும்பாலும் அவ்வரிசையையே பின்பற்றினர். காலவரிசையை நிறுவுவதற்கு அம்முறை பயனுடையதே. ஆனால் அரசர், தண்டநாயகர், வெற்றி, தோல்வி என்பவற்றுக்கு அப்பால் செல்ல அது இடமளிப்பதில்லை. பாளி மொழியிற் காவிய மரபைத் தழுவி எழுந்த நூலையும் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட ஆவணத்தையும் ஒரேவகைச் சாட்சிகளாக அது கருதிவிடுகிறது.

இப்போர் பற்றிய மூன்று முதன்மையான சோழர் சாசனங்களில் ஒன்றேனும் போரைப் பதிவுசெய்யும் நோக்குடன் எழுதப்பட்டதன்று என்பது அழுத்திக் கூறவேண்டிய செய்தி. பல்லவராயன்பேட்டைச் சாசனம், பல்லவராயர் நோயுற்று இறந்தபின் அவருடைய குடும்பத்தார்க்கு நிலம் இறையிலியாக அளிக்கப்பட்டமையை உறுதிசெய்யும் ஆவணமாகும். அவர் ஆற்றிய சேவைகளின் பட்டியலாகவே போர் அதனுள் இடம்பெறுகிறது. அச்சேவைகளுள் முதலாவது இன்னும் சுவையானது. இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவனுடைய பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமான வயதினர். அவர்களைக் காத்து, விக்கிரமசோழனின் பேரனாகிய எதிரிலிப்பெருமாளை இராசாதிராசனாக முடிசூட்டியவர் இப்பல்லவராயரே. மதுரை அரியணைப் பிணக்கைத் தீர்க்கப் படையனுப்பிய சோழனின் சொந்த அரியணையும் அமைச்சர் ஒருவரின் கையால் தாங்கப்பட்டிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துச் சாசனமும் நிலக்கொடை ஆவணமே. ஈழப்படை இராமேசுவரக் கோயிலிற் பூசையை நிறுத்திப் பண்டாரத்தைக் கவர்ந்தது என்றும், அப்படைக்கு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவர் என்னும் சைவப் பெரியாரை வேண்ட அவர் 28 நாட் பூசை நிகழ்த்தினார் என்றும், பகைவர் தோற்றோடிய செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது என்றும் அது கூறும். மூன்றாவதாகிய திருவாலங்காட்டுச் சாசனம், இராசாதிராசனின் 12ஆம் ஆண்டில் அண்ணன் பல்லவராயன் என்னும் வேதவனமுடையான் அம்மையப்பனுக்கு அவன் சேவையின் பொருட்டு இறையிலி நிலம் அளித்தமையைப் பதிவுசெய்கிறது. படைத்தலைவனுக்கும் பூசகருக்கும் ஒரே நாணயத்திலேயே ஊதியம் அளிக்கப்பட்டது. அந்நாணயம் உழவர் வாழும் நிலமும் அதன் விளைவில் அரசு பெற்றுவந்த பங்குமாகும். சூளவம்சத்திலும் இதே நிலையை வேறு வடிவிற் காண்கிறோம். போரின் பயன் அங்கே சேதியத் திருப்பணியாகவும் தானமாகவும் மாறுகிறது. சிறைப்பட்டோரின் உடலுழைப்பு அரசனின் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

சூளவம்சத்தைப் பொறுமையுடன் படிப்போரை ஒரு கூறு சலிப்படையச் செய்யக்கூடும். ஊர்ப்பெயர்களும் தலைவர் பெயர்களும் முடிவின்றி அடுக்கிவரும் பகுதிகளைச் சொல்கிறேன். நாடாழ்வார், தொண்டைமான், மழவராயர் முதலிய பட்டங்கள் பாளி உருப்பெற்று வரிசையாக வருகின்றன. காவியச் சுவை குன்றும் அவ்விடங்களே ஆய்வாளனுக்கு மிகவும் பயன்படுவன. ஒரு தலைவன் பணிந்ததும் இலங்காபுரன் அவனுக்கு அணிகலன்களை வழங்கி, அவனுடைய நிலத்தை அவனுக்கே மீட்டளிக்கிறான். சிலகாலஞ் சென்றபின் அவனோ அவன் உறவினனோ எதிரணியிற் காணப்படுகிறான். பாண்டிநாட்டில் உண்மையான அதிகாரம் மதுரை அரண்மனையில் அன்றி இந்நிலக்கிழாரிடமே தங்கியிருந்தது என்பதையும், தத்தம் நிலவுரிமையை உறுதிப்படுத்தும் மன்னன் எவனோ அவனை அவர்கள் ஆதரித்தனர் என்பதையும் இப்பட்டியல்கள் தம்மையறியாமலே புலப்படுத்துகின்றன.

இப்போரை இருமொழி மக்களிடையே நிகழ்ந்த போராகக் கொள்வோர் சில உண்மைகளுக்கு விடை கூறவேண்டும். பராக்கிரமபாகுவின் தந்தை மானாபரணன், முதலாம் விசயபாகுவின் தங்கை மித்தா பாண்டிய இளவரசன் ஒருவனை மணந்து பெற்ற மகன். எனவே பாண்டிய அரசுரிமையில் தலையிட்ட சிங்கள மன்னனின் பாட்டனே பாண்டியன். பொலன்னறுவையிலே தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினர் தம் உறுதிமொழியைத் தமிழிற் கல்லிற் பொறித்தனர். மதுரைக்கு வந்த ஈழப்படை தமிழ் அரசன் ஒருவனை நீக்கித் தமிழ் அரசன் ஒருவனையே முடிசூட்டியது. இவை யாவற்றுக்கும் மேலாகக் குலசேகரனின் பிந்திய நடத்தை உள்ளது. சோழன் உதவியால் மதுரையைப் பெற்ற அவன், சில ஆண்டுகளிற் பராக்கிரமபாகுவோடு உறவுகொண்டான். வாயிலிற் பதிக்கப்பட்டிருந்த ஈழத் தண்டநாயகர்களின் தலைகளை அவனே அகற்றுவித்தான் என்று திருவாலங்காட்டுச் சாசனம் குற்றஞ்சாட்டுகிறது. சோழர் உடனே அவனைக் கைவிட்டு, முன்னர் எந்த வீரபாண்டியனை விரட்டினரோ அதே வீரபாண்டியனைத் தம் வேட்பாளனாக்கினர். எவன் பொருட்டுத் தலைகள் பதிக்கப்பட்டனவோ அவனே அவற்றைக் கழற்றினான். எவனுக்காக அத்தலைகளுக்கு உரியோர் போரிட்டு மடிந்தனரோ அவன் சோழர் பாசறையில் இருந்தான். இன வாய்பாட்டினால் இவ்விடமாற்றத்தை விளக்குதல் இயலாது.

இதனால் இன, மத உணர்வுகள் அக்காலத்தில் இருந்தனவே அல்ல என்று கூறுவது மற்றொரு தவறாகும். முற்போக்காளர் சிலர் வகுப்புவாதத்தை மறுக்கும் ஆர்வத்தில் இவ்வெல்லைக்குச் சென்றுவிடுகின்றனர். சூளவம்ச ஆசிரியர் பகைவரைத் 'தமிளர்' என்றே குறிக்கிறார். அவர்களைச் சேதியத் திருப்பணியில் ஈடுபடுத்தியமையை, முற்காலத்தில் தமிழ்ப்படை அச்சேதியத்தை அழித்தமையோடு தொடர்புபடுத்தியே கூறுகிறார். ஆர்ப்பாக்கத்துச் சாசனத்தின் அச்சமும் வெறும் நடிப்பன்று. இராமேசுவரத்திற் பூசை நின்றமை காஞ்சிப்பகுதிச் சைவருக்கு உண்மையான அதிர்ச்சியைத் தந்திருத்தல் கூடும். உணர்வுகள் உண்மையானவை. அவற்றைத் திரட்டி, எப்போது எழுப்புவது, எப்போது அடக்குவது என முடிவுசெய்யும் ஆற்றல் அரண்மனைக்கும் விகாரைக்கும் கோயிலுக்கும் உரியதாயிருந்தது. குலசேகரன் அணிமாறிய அன்று அவ்வுணர்வுகளை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

போரின் நீண்டகால விளைவுகள் வெற்றிபெற்றதாகத் தோன்றிய சோழருக்கே பெருங்கேடாய் முடிந்தன. மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் வீரபாண்டியனும் பகைவனானான். விக்கிரம பாண்டியன் என்னும் மற்றொருவனுக்காகப் படையெடுக்கப்பட்டது. நெட்டூரில் வீரபாண்டியன் மீளவும் முறியடிக்கப்பட்டான். குலோத்துங்கன் மதுரையோடு பாண்டியனின் முடித்தலையையும் கொண்டதாகப் பட்டம் புனைந்துகொண்டான். தலை வெட்டப்பட்டதா, அன்றி முடியணிந்த தலைமீது காலை வைத்தானா என்று ஆராய்ச்சியாளர் வாதிட்டுள்ளனர். பட்டம் அத்தகைய மயக்கத்தை உண்டாக்குவதற்கென்றே ஆக்கப்பட்டது போலும். ஒவ்வொரு தலையீடும் படைதந்த சிற்றரசர்க்குப் புதிய இறையிலிகளையும் புதிய செருக்கையும் ஈட்டித்தந்தது. அரசின் வருவாய் சுருங்கச் சுருங்கச் சம்புவராயரும் காடவரும் தனியரசர் போல் நடக்கலாயினர். 1216இல் அரசெய்திய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்துச் சோழன் முடியைப் பறித்து மீளக் கொடுத்தான். 1231 அளவில் மூன்றாம் இராசராசன் காடவன் கோப்பெருஞ்சிங்கனாற் சேந்தமங்கலத்திற் சிறைவைக்கப்பட்டு, போசளர் துணையால் மீண்டான். 1279உடன் சோழர் ஆட்சி மறைந்தது.

ஈழத்தில் விளைவு வேறுவகையானது. பராக்கிரமபாகுவின் மறைவுக்குப் பின் பொலன்னறுவை அரசு விரைந்து தளர்ந்து 1215இல் மாகனின் கைக்குச் சென்றது. கடல்கடந்த போர்கள் மட்டுமே இதற்குக் காரணமாகா. ஆயினும் அவற்றின் சுமையைக் கணக்கில் எடாதிருத்தல் இயலாது. சோழர் மறைந்த வெற்றிடத்தில் வளர்ந்த பாண்டியப் பேரரசின் தண்டநாயகன் ஆரியச்சக்கரவர்த்தி 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யாப்பகுவையிலிருந்து தந்ததாதுவைக் கவர்ந்துசென்றான். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் எழுச்சியையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

நமது வடபுலத்தோடு நேரடித் தொடர்புள்ள செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பராக்கிரமபாகு மீண்டும் படையெடுக்கும் நோக்குடன் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டுவில் ஆகிய இடங்களிற் படைதிரட்டிக் கப்பல் கட்டுவித்தான் என்கிறது திருவாலங்காட்டுச் சாசனம். இதனைத் தடுக்கச் சோழர் கையாண்ட உபாயம் நாம் முன்னர்க் கண்டதன் மறுபக்கமே. பராக்கிரமபாகுவின் மருமகனும் ஈழ அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லவன் அப்போது சோழநாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தான். அவனுடன் படையனுப்பிச் சோழர் இவ்வூர்களைத் தாக்கினர்; குடியிருப்புக்கள் அழிக்கப்பட்டன; யானைகள் கைப்பற்றப்பட்டன.

இவ்வூராத்துறையை மற்றோர் ஆவணமும் குறிப்பிடுகிறது. அது பராக்கிரமபாகுவின் ஆணையாக நயினாதீவிற் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு. கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்துள்ளார். பரதேசிகள் ஊராத்துறைக்கே வந்துசேரவேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோனுக்குச் சலுகை மிகுதி. பாக்குநீரிணையின் இருகரைத் துறைகளும் அவற்றின் வாணிகமும் ஈட்டிய வருவாயை இக்கல்வெட்டோடு சேர்த்து நோக்கும்போது, பராக்கிரம பாண்டியன் இறந்த செய்தி மாதோட்டத்தை எட்டிய பின்னரும் கப்பல்கள் ஏன் இராமேசுவரம் நோக்கிப் புறப்பட்டன என்பதற்கு, சூளவம்சம் கூறும் அரச வள்ளன்மையைவிடப் பொருத்தமான விடை கிடைக்கிறது.