படம் எடுத்த நேரம்

எண்ணிமக் கமரா ஒரு படத்தை எழுதும்போது, அதே கோப்பின் தலைப்பகுதியில் அந்தப் படம் பிறந்த விபரத்தையும் எழுதி வைக்கிறது. கமராவின் மாதிரி, வில்லை, துவார அளவு, மூடி திறந்திருந்த நேரம், படம் எடுத்த நாள், செக்கன் வரையான மணி, வசதியுள்ள கருவியானால் அகலாங்கு நெட்டாங்கு என எல்லாம் அதில் இருக்கும். ஜப்பானிய மின்னணுத் தொழில்துறைச் சங்கம் 1995இல் வகுத்த எக்சிஃப் நியமத்தின்படியே இன்றும் அநேகமாக எல்லாக் கமராக்களும் போன்களும் இந்த மீதரவை எழுதுகின்றன. ஜேபெக் கோப்பில் அதற்குக் கிடைப்பது 64 கிலோபைற்றுக்கு உட்பட்ட ஒரு துண்டு. திருத்திச் சேமித்த படத்தில் அந்தத் துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் திருத்தியவரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். நிறத்தைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள் ஏராளம். தொடக்கூடாததைத் தொடாமல் விடத் தெரிந்தவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத்துப் படங்களில் இந்த நுட்பத்தின் பெறுமதி நன்றாகப் புலப்படும். பொது நூலகக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது, 1981இல் எரிக்கப்பட்டது, பின்னர் பழைய தோற்றத்துக்கு நெருக்கமாகவே மீளக் கட்டப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் மறுபடி திறந்தது. இன்றைய கட்டடத்தை முன்னால் நின்று படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி ஓரங்களைக் கொஞ்சம் மங்கச் செய்தால், எரிவதற்கு முந்திய நூலகம் போலவே இருக்கும். நினைவு நாளுக்காக நல்ல எண்ணத்தில் செய்யப்படும் திருத்தம்தான். ஆனால் எடுத்த நாள் கோப்பிலிருந்து உதிர்ந்துவிட்டால், நாலு கை மாறிய பின் அது 1981க்கு முந்திய ஆவணமாகவே உலாவும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் படங்களில் ஆண்டு இப்படி எளிதில் பிசகாது. 2011இல் தெற்கு வாசலிலும் 2015இல் வடக்கு வாசலிலும் திறக்கப்பட்ட இராஜகோபுரங்கள் படத்துக்குள்ளேயே நின்று காலத்தைச் சொல்லிவிடும்.

நல்லூரில் பிசகுவது நாளும் மணியும். திருவிழா 25 நாள். 23ஆம் நாள் மாலை சப்பறம், 24ஆம் நாள் காலை தேர், மறுநாள் தீர்த்தம். ரொறன்ரோவிலிருந்து வந்தவர் கமராவின் மணிக்கூட்டை மாற்ற மறந்திருந்தால், காலை ஏழு மணித் தேர் முதல்நாள் இரவு ஒன்பதரைக்கு ஓடியதாகப் பதிவாகும். இளவெயிலில் நிற்கும் தேருக்குச் சப்பறத்து இரவின் திகதி! திருத்தத்தான் வேண்டும். ஆனால் அவசரக்காரர் எல்லாப் படங்களுக்கும் ஒரே மணியை அடித்துவிடுவார். தேர் வீதி சுற்றிவந்த ஒழுங்கே குலைந்துபோகும். தேர்ந்தவர் முழுத் தொகுதியையும் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே தள்ளுவார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இருந்த செக்கன்கள் அப்படியே நிற்கும். பில் ஹார்வி 2003இல் வெளியிட்ட எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதை ஒரே கட்டளையில் செய்கிறது. படப்புள்ளிகளைத் தொடாமல் தலைப்பகுதியை மட்டும் மாற்றி எழுதி, வேண்டாமென்று சொன்னாலொழிய முந்திய கோப்பையும் வேறு பெயரில் ஒதுக்கி வைக்கும் அதன் பணிவு பாராட்டத்தக்கது.

இதைவிட நுண்ணியது சமாதான காலப் படங்களில் ஒளிந்திருக்கும் அரை மணித்தியாலம். இலங்கை அரசு 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்ரோபரில் அதில் பாதியைத் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரல் வரை நாடு கிறீனிச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய ஐந்தரையிலேயே நின்றது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பின் எல்லையான முகமாலையைக் கடந்து தெற்கே போனவர்களுக்கு நேரம் அரை மணித்தியாலம் பின்னே போனது. சட்டைப்பையிலிருந்த கமராவுக்கு அது தெரியாது. எண்ணிமக் கமராக்கள் சாதாரண மக்களின் கைக்கு வரத் தொடங்கிய ஆண்டுகளும் இவைதான். கிளிநொச்சியில் நடந்த ஒரே கூட்டத்தை யாழ்ப்பாணத்துக் கமரா பத்து மணிக்கும் உள்ளூர்க் கமரா ஒன்பதரைக்கும் பதிந்திருக்கும், இரண்டும் சரி. எக்சிஃபில் அப்போது நேர வலயத்துக்கு இடமே இருக்கவில்லை. 2016இல் வந்த 2.31 பதிப்புத்தான் அதற்கு ஒரு புலத்தைச் சேர்த்தது. ஆகவே இந்தக் காலப் படங்களில் எழுதப்பட்ட மணியை அப்படியே விட்டு, எந்தப் பக்கத்து மணிக்கூடு என்று உறுதியாகத் தெரிந்த படங்களுக்கு மட்டும் +06:00 அல்லது +05:30 என்று அந்தப் புதிய புலத்தில் எழுதுவதே செம்மையான வேலை.

எல்லாவற்றையும் தொடாமல் வைத்திருப்பதும் பேணல் ஆகாது. எடுத்த நேரம், கமரா, வில்லை, துவார அளவு ஆகியவை மாறக்கூடாது. படத்தின் அகலம், உயரம், நிறவெளி ஆகியவை திருத்தத்தோடு மாறியே ஆகவேண்டும். கமரா நிமிர்ந்திருந்ததா சரிந்திருந்ததா என்று சொல்லும் புலம் ஒன்று உண்டு. மென்பொருள் படத்தையே நிமிர்த்திவிட்டு அந்தப் புலத்தைப் பழையபடி விட்டால், பார்க்கும் கருவி இன்னொரு முறை திருப்பி மணவறையில் நிற்கும் தம்பதியைப் படுக்க வைத்துவிடும். தலைப்பகுதிக்குள் இருக்கும் சிறுபடம் இன்னும் பொல்லாதது. பெரிய படத்திலிருந்து வெட்டி நீக்கப்பட்டவர் அதில் சிரித்தபடி நிற்பார். உற்பத்தியாளர் தமக்கென எழுதும் தனிக்குறிப்புப் பகுதி, கோப்பில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்ற எண்களை நம்பி அமைந்தது. எக்சிஃப் பதிவை இடம் நகர்த்தி எழுதும் மென்பொருள் அந்த எண்களைச் சரிசெய்யாவிட்டால் அந்தப் பகுதி வாசிக்க முடியாததாகிவிடும்.

மென்பொருளுக்கு மென்பொருள் குணம் வேறு. போட்டோஷொப்பில் வழமைபோலச் சேமித்தால் பதிவு தங்கும். எக்ஸ்போர்ட் அஸ் வழியாகப் போனால் மிஞ்சினால் உரிமை விபரமும் தொடர்பு விபரமும் மிஞ்சும். ஜிம்ப், ஏற்றுமதிப் பெட்டியில் எக்சிஃபைச் சேர்ப்பதா என்று கேட்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், பதிவும் போய்விடும். அதே கோப்பை ஆவணமாக அனுப்பினால் முழுதாகப் போய்ச் சேரும்.

யாழ்ப்பாணத்து நினைவு மலர்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் இந்த ஒரு பழக்கம் நிரம்பவே பாதிக்கிறது. ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்குள் மலர் அச்சாக வேண்டும். படங்கள் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று பல திசைகளிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து விழும். பக்கம் அமைப்பவர் பின்னணியை வெட்டுவார், முகத்தை வெளிறச் செய்வார், இரண்டு படங்களை ஒன்றாக்குவார். அச்சுக்குத் திகதி தேவையில்லை. ஆனால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் சேர்த்து வருகிறது. குடும்பங்களின் வரலாற்றையும் ஊர்களின் வரலாற்றையும் தேடுவோருக்கு அவை மூலங்கள். படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெற்று, மூலக்கோப்புகளைத் தனியே வைத்து, திருத்திய பிரதிக்கு மூலத்தின் பதிவை எக்சிஃப்டூலால் படியெடுத்து ஏற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும். அப்படிச் செய்யும் அச்சகம் அமைவது குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

பழைய அச்சுப் படத்தை ஸ்கான் செய்யும்போது இரண்டு நாள்கள் வருகின்றன: எடுத்த நாள், எண்ணிமமான நாள். எக்சிஃபில் இரண்டுக்கும் தனித்தனிப் புலம் உண்டு. அப்படியிருந்தும் ஸ்கான் செய்த நாளே இரண்டிலும் ஏறிவிடுவது வழக்கமாகிவிட்டது. படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோ முத்திரையும் பேனையால் 1974 என்ற ஆண்டும் மட்டும் இருந்தால், முழுத் திகதி கேட்கும் எக்சிஃப் புலத்தில் ஜனவரி 1 என்று இட்டு நிரப்புவோர் உண்டு. இந்தத் துறையில் இதைவிட அவலட்சணமான வேலை இல்லை. அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி வடிவம் வெறும் ஆண்டையும் திகதியாக ஏற்கும். தெரிந்ததை மட்டும் எழுத அதுவே இடம்.

தமிழில் குறிப்பு எழுதவும் எக்ஸ்எம்பியே உகந்தது. எக்சிஃபின் சாதாரண எழுத்துப் புலங்கள் ஆஸ்கியோடு நின்றன. 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான் யுனிகோட்டுக்கு வழி பிறந்தது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆட்சி செய்த பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்பு இன்னொரு தொல்லை. மீதரவுப் புலத்துக்கு எழுத்துரு கிடையாது. ஆகவே பருத்தித்துறை என்று தட்டியது தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகவே அங்கே கிடக்கும். யுனிகோட்டுக்கு மாற்றிய பின் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

மிஞ்சுவது இருப்பிடம். பல ஆண்டுகள் இராணுவத்தின் பிடியிலிருந்த வலிகாமம் வடக்கில், 2017இல் விடுவிக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகப் பகுதி போன்ற இடங்களில், வேலியும் ஒழுங்கையும் அழிந்த காணியைப் படமெடுத்தால் அது எந்தக் காணி என்று அகலாங்கும் நெட்டாங்குமே சொல்லும். அங்கே அதை இழப்பது பெரிய இழப்பு. ஏட்டுச் சுவடிகள் வைத்திருப்பவரின் வீட்டுக்குள் எடுத்த படத்திலோ, அதே எண்கள் அந்நியருக்கு வாசலைக் காட்டும். ஆகவே மூலத்தில் இருப்பிடம் இருக்க வேண்டும்; வெளியே போகும் பிரதியில் வேண்டுமா என்பதைப் படத்துக்குப் படம் முடிவு செய்ய வேண்டும். லைட்ரூம் மென்பொருளின் ஏற்றுமதிப் பெட்டியில் இருப்பிடத்தை மட்டும் நீக்கும் தெரிவு உண்டு. எல்லா மீதரவும் சேரட்டும் என்று மேலே குறித்துவிட்டு அதைத் தெரிவுசெய்தால், எடுத்த நேரம் பிரதியோடு சேர்ந்து போகும்.