62,000 பக்கங்கள், இரண்டு வாசகர்கள்

விமர்சனத்தில் சரி, தவறு என்று உண்டா என்ற கேள்வி நம் வட்டத்தில் ஓய்ந்தபாடில்லை. க.நா.சு. ரசனை என்றார். செல்லப்பா 'எழுத்து'வில் அலசல் என்றார். பின்னால் வந்தவர்கள் ஆசிரியனே செத்துவிட்டான், இருப்பதெல்லாம் வாசிப்புகள்தான், எல்லாமே செல்லும் என்றார்கள். மூன்று கட்சிக்கும் உதாரணமாக அகப்படுவது கவிதை, இல்லாவிட்டால் நாவல். கவிதையைத் தப்பாகப் படித்தவனுக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. எழுதினவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், அவ்வளவுதான். அதனால் சண்டையும் முடிவதில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது இலக்கியமே அல்லாத ஒரு பிரதி. அதில் பேசுகிறவர்கள் கைதிகள், கட்சி மாறி வந்தவர்கள், அகதிகள். படித்தது அமெரிக்காவின் ராணுவத்துக்கும் வெளிநாட்டுக் கொள்கைக்கும் ஆராய்ச்சி செய்து கொடுத்த ராண்ட் கார்ப்பரேஷன்.

ராண்ட் 1946-இல் டக்ளஸ் விமானக் கம்பெனிக்குள் ராணுவப் பணத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1948-இல் தனி ஸ்தாபனமாகி, கலிபோர்னியாவில் ஸான்டா மோனிகா கடற்கரையோரம் உட்கார்ந்தது. யுத்தம் பற்றிய பேச்சை ஜெனரல்களிடமிருந்து வாங்கிக் கணக்குக்காரர்களிடம் கொடுத்தது இந்த இடம். ஹெர்மன் கான் இங்கே இருந்தபோது எழுதி 1960-இல் வெளிவந்த அணு யுத்தப் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் செத்தவர்கள் எண்ணிக்கை, 20 லட்சத்தில் தொடங்கி 16 கோடி வரை. எதிரே பொருளாதாரம் எழுந்து நிற்கப் பிடிக்கும் வருஷங்கள். பேரேட்டில் பற்று வரவு எழுதுகிறவனுக்கு இந்த வடிவம் பழக்கமானது; அதில் என்ன எழுதலாம் என்பதுதான் புதிது. இதே ராண்ட் 1955-இல் வேறொரு புத்தகமும் போட்டது. பத்து லட்சம் எண்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல், எலெக்ட்ரானிக் யந்திரம் உதிர்த்தவை. ஆசிரியன் இல்லாத பிரதி வேண்டும் என்கிற நண்பர்கள் அதை வாங்கிப் பார்க்கலாம். கேலியாகச் சொல்லவில்லை, புள்ளியியல்காரர்களுக்கு அது மிகவும் உபயோகப்பட்ட புத்தகம்.

1964-இல் பென்டகனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தெற்கு வியட்நாமில் நம்மோடு சண்டை போடும் இந்த வியட்காங் யார், எதற்காக இப்படி விடாமல் போராடுகிறார்கள்? விசாரித்துச் சொல்லும் வேலை ராண்டுக்கு வந்தது. 1964 ஆகஸ்டிலிருந்து 1968 முடிய ஏறத்தாழ 2,400 பேட்டிகள், 62,000 பக்கங்கள். திட்டத்தின் பெயரே 'வியட்காங்கின் ஊக்கமும் மனவுறுதியும்'. வியட்காங் என்பது எதிரி வைத்த பெயர். அவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. முன்னணி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தலைப்பிலேயே பேசுகிறவனின் பெயர் பிடுங்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவன் வியட்நாமிய மொழியில் சொன்னது இங்கிலீஷாகிறது. சொல்கிறவன் சிறையில் இருக்கிறான், அல்லது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன். கேட்கிறவருக்கு எது பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மொழிபெயர்ப்பில் ரஷ்ய நாவல் படித்து வளர்ந்த நமக்கு இந்தத் தடங்கல்களின் கனம் புரியும்.

முதலில் சைகோன் போனவர்கள் ஜோசப் ஸாஸ்லாஃப், ஜான் டானல் என்ற இரண்டு பேராசிரியர்கள். சில மாதத்தில் அவர்கள் சொன்னது, இவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, நம்பிக்கை உள்ளவர்கள், சுலபத்தில் உடைய மாட்டார்கள் என்பது. அது யாருக்கும் ருசிக்கவில்லை. 1964 கடைசியில் லியோன் கூரே பொறுப்புக்கு வந்தார். மாஸ்கோவில் பிறந்து, மென்ஷெவிக் குடும்பத்தோடு ஊர் ஊராக அகதியாகி அமெரிக்கா சேர்ந்தவர். குண்டுவீச்சில் கிராமத்தான் பயப்படுகிறான், ஊரைவிட்டு ஓடுகிறான், தன் கஷ்டத்துக்கு வியட்காங்கையே குறை சொல்கிறான், அவர்கள் மனம் தளர்ந்துகொண்டு வருகிறது என்று அதே மாதிரிப் பேட்டிகளிலிருந்து அவர் எடுத்துக் காட்டினார். 1965 மார்ச்சில் வடக்கின்மேல் தொடர் குண்டுவீச்சு தொடங்கியிருந்தது. மக்நமாராவுக்கு இந்த வாசிப்பு பிடித்துப்போயிற்று. திட்டத்துக்குப் பணம் கூடியது.

கூரே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காட்டிய வரிகள் பேட்டிகளில் இருந்தன. கிராமத்தான் பயந்தான் என்பதும் நிஜம். நான் வேலை பார்க்கும் வங்கியில் கடன் கோப்பு ஒன்றுக்கு இரண்டு குறிப்பு எழுத முடியும், கொடுக்கலாம் என்றும் கொடுக்கக் கூடாது என்றும். இரண்டிலும் எண்கள் சரியாக இருக்கும். மேலே இருப்பவருக்கு எது வேண்டும் என்பது எழுதுகிறவனின் பேனாவுக்கு எப்படியோ முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அதே காகிதக் குவியலை ஸான்டா மோனிகாவில் வேறொருவர் படித்தார், கான்ராட் கெல்லன். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் வெளியேறியவர். அவர் சொன்னதாக ஒரு பேட்டி பற்றிய பதிவு இருக்கிறது. பிடிபட்ட வியட்காங் காப்டன் ஒருவனிடம், உங்கள் பக்கம் ஜெயிக்குமா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறான். பல பக்கங்கள் தள்ளி, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அமெரிக்கா ஜெயிக்குமா என்று கேட்கிறார்கள். அதற்கும் இல்லை என்கிறான். முதல் பதிலை மட்டும் கத்தரித்து எடுத்தால் மனம் தளர்ந்த ஒரு சிப்பாய் கிடைக்கிறான். இரண்டாவதையும் அதனோடு வைத்தால் ஆளே வேறு. ஜெயிப்பது தோற்பது என்ற கணக்கிலேயே அவன் இல்லை. இப்படிப்பட்டவனை வலிக்க வைக்கலாம், நிறுத்த வைக்க முடியாது என்று கெல்லனுக்குப் பட்டது.

இதை நான் விமர்சனம் என்கிறேன். அலசல் என்ற பெயரில் கவிதையின் நாலு வரியைப் பெயர்த்தெடுத்துப் பிணமாக மேஜைமேல் கிடத்துகிறவர்களையும், ரசனை என்ற பெயரில் பிடித்தது பிடிக்கவில்லை என்று ஜாபிதா போடுகிறவர்களையும் பார்த்துச் சலித்த எனக்கு, ஒரு சொல்லின் அர்த்தம் பதினைந்து பக்கம் தள்ளி வரும் இன்னொரு சொல்லில் ஒளிந்திருக்கும் என்று காத்திருந்து படித்த இந்த ஆள், தொழிலால் விமர்சகர் இல்லை என்பது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. இரண்டு வாசிப்பும் செல்லும் என்று இங்கே யாராவது வந்து சொல்லட்டும்.

கெல்லனைப் பற்றி இன்னொரு தகவல் உண்டு. அதை எழுதக் கை துறுதுறுக்கிறது. 1941 முதல் 1943 வரை அவர் தாமஸ் மன்னின் அந்தரங்கச் செயலாளர். ராண்டுக்குப் பக்கத்தில்தான், பசிபிக் பாலிஸேட்ஸில். ஜோசப் நாவலின் நாலாம் பாகம் முடிந்தது அந்த நாட்களில். பெரிய நாவலாசிரியனோடு பழகியவன், ஆகவே மனிதனைச் சரியாகப் படித்தான் என்று முடித்தால் நம் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூரே 1962-இல் லெனின்கிராட் முற்றுகையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். பட்டினியிலும் குண்டிலும் ஒரு நகரம் பணியாமல் நின்றதைத் தானே எழுதியவருக்கு, மெகாங் டெல்டாவில் அது தெரியாமல் போயிற்று. கல்வியோ புலமையோ இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. கூரேயிடம் பதில் கேட்டவர்கள் அவசரத்தில் இருந்தார்கள், அவரும் அவர்கள் அவசரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரிகிறது.

சரியான வாசிப்பு என்ன சாதித்தது? அதிகம் இல்லை. 1969 அக்டோபரில் கெல்லன், டேனியல் எல்ஸ்பெர்க் உட்பட ராண்டின் ஆறு பேர், அமெரிக்கா வெளியேற வேண்டும் என்று பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஸ்தாபனத்துக்குள் பெரிய கசப்பு. யுத்தம் 1975 வரை நடந்தது. எல்ஸ்பெர்க் ராண்டின் பெட்டகத்திலிருந்து 7,000 பக்க ரகசிய வரலாற்றைப் பிரதியெடுத்து, அது 1971-இல் வெளியான கதை எல்லோருக்கும் தெரியும். சம்பளம் கொடுக்கிறவனின் கேள்விக்குள் இருந்துகொண்டு எவ்வளவு நேர்மையாகப் படித்தாலும், கேள்வி அவனுடையதுதானே. கெல்லனும் எதிரியின் மனவுறுதியை அளக்கத்தான் உட்கார்ந்திருந்தார்.

பேட்டி எடுத்தவர்களில் மாய் எலியட் என்ற இளம் வியட்நாமியப் பெண் இருந்தார். வடக்கிலிருந்து ஓடிவந்த உத்தியோகஸ்தர் குடும்பம்; ஆனால் அக்கா ஒருத்தி வியட்மின்னில் சேர்ந்தவள். கொடூரன் ஒருவனை எதிர்பார்த்துப் போய், நிதானமாக யோசித்துப் பேசும் ஒரு கட்சிக்காரரை எதிரில் கண்டு நிலைகுலைந்ததைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். எனக்கு இவரே முதல் வாசகர், காகிதமாகும் முன்பே குரலைக் கேட்டவர். தென்கிழக்காசியாவில் ராண்ட் செய்த வேலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய வரலாற்றை 2010-இல் ராண்டே வெளியிட்டது. இதைப் பெருந்தன்மை என்பதா, எதையும் கோப்பில் சேர்த்துவிடும் ஸ்தாபன ஜீரணசக்தி என்பதா, தெரியவில்லை.

அவருடைய கணவர் டேவிட் எலியட்டும் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர். மீ தோவைச் சுற்றியுள்ள தின் துவாங் மாகாணத்துப் பேட்டிகளை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்து, 2003-இல் இரண்டு தொகுதிகளாக ஒரு வரலாறு எழுதினார். பேட்டிகளில் பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மனவுறுதி உடையுமா என்பது இப்போது யாருக்கும் அவசரமில்லை. எந்தக் குடியானவனுக்கு எவ்வளவு நிலம் கிடைத்தது, வரி எப்போது ஏறியது, யார் எந்த வருஷம் கட்சியைவிட்டு வீட்டுக்குத் திரும்பினான் என்று அதே பக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன.